இடுப்பு வலிக்குப் பயிற்சியா, படுக்கையா? எல்4-எல்5 ஜவ்வு பிதுக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

#1 கொண்டலாம்பட்டி தறி

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, விசைத்தறி ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் பாவு நூல் சுற்றிய பீமைத் தூக்கி வைக்கும்போது இடுப்பில் சுளீர் என்றது. அன்றைக்கு நிமிரவே முடியவில்லை. அப்புறம் வலி வலது பிட்டத்தில் இறங்கி, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்கேனில் எல்4-எல்5, அதாவது இடுப்பு முதுகெலும்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டாம், பிசியோ பாருங்கள் என்றார் டாக்டர். போன இடத்தில் கரண்ட் வைத்தார்கள், இடுப்பைக் கட்டி இழுத்தார்கள், பெல்ட் கொடுத்தார்கள். படுத்திருக்கும் வரை சுகம். தறிக்குத் திரும்பிய வாரமே பழையபடி ஆகிவிட்டது.

வீட்டில் ஆடாமல் அசையாமல் படு என்கிறார்கள். பக்கத்துத் தறி அண்ணன் பயிற்சி செய்யாமல் இது போகாது என்கிறார். யூடியூபில் ஒருவர் முன்னால் குனியச் சொல்கிறார், இன்னொருவர் குனிந்தால் கெட்டது என்கிறார். படுத்தால் கூலி கிடையாது. யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 குகை வாத்தியார்

தம்பி, பயிற்சி கியிற்சி என்று இறங்கி இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் காலத்தில் இடுப்புப் பிடித்தால் விளக்கெண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றி, பாயில் படுக்க வைப்பார்கள். காலை முன்வைத்துப் பிறந்தவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு முதுகில் மெல்ல மிதிக்கச் சொல்வார்கள். நாலு நாளில் எழுந்து நடந்துவிடுவோம். ஜவ்வு விலகிய இடத்தை ஆட்டினால் அது இன்னும் விலகாதா? புண் ஆறும்வரை சும்மா விடுவதுதானே முறை?

#3 பிசியோ அஸ்தம்பட்டி

நான் பிசியோதெரபிஸ்ட். சேலத்தில் தறிக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும் தினமும் பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிப் பேசும் முன்னால் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். தறி அண்ணா, இதில் எது இருந்தாலும் இந்த உரையாடல் இழையை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது: இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரமே அவசரப் பிரிவு. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். ஆபரேஷன் தாமதமானால் அந்தப் பாதிப்பு ஆயுளுக்கும் தங்கிவிடலாம். பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவுவதும் உடனே டாக்டர் பார்க்க வேண்டியது. இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, உயரத்திலிருந்து விழுந்தது, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது என்றாலும் முதலில் டாக்டர்தான். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயும் வருகிறது, அதற்குப் பயிற்சி மருந்தல்ல.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன நாலு நாள் கணக்கு உண்மைதான். பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாகவே குறைந்துவிடும். ஆனால் படுத்ததால்தான் குறைந்தது என்று வைத்துக்கொண்டோமே, அதை 1995-இல் ஹெல்சின்கியில் சோதித்துப் பார்த்தார்கள். திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பகுதிக்கு முதுகு வளைக்கும் பயிற்சி, மூன்றாம் பகுதிக்கு 'வலி பொறுக்கும் அளவில் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்' என்ற பேச்சு மட்டும். மூன்றாவது கூட்டம்தான் சீக்கிரம் தேறியது. படுத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் தேறினார்கள். ஆக, வலி வந்த முதல் சில நாளில் கடும்பயிற்சியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். வீட்டுக்குள் நடமாடுவது, உட்கார்வது, எழுவது, இவை போதும். மிதிக்கச் சொல்வது மட்டும் தயவுசெய்து வேண்டாம் ஐயா. எலும்பு தேய்ந்து மெலிந்த வயதானவருக்கு அதிலேயே முதுகெலும்பு உடைந்துவிடலாம்.

தறி அண்ணா, இதற்குப் பதில் சொல்லுங்கள். குனியும்போது வலி கூடுகிறதா, நிமிரும்போதா? அரை மணி நேரம் உட்கார்ந்தால் எப்படி, நடந்தால் எப்படி? செருப்பில்லாமல் குதிகாலில் பத்தடி, விரல் நுனியில் பத்தடி நடக்க முடிகிறதா? குப்புறப் படுத்து ஐந்து நிமிடம் இருந்தால் கால் வலி என்ன ஆகிறது?

#4 கொண்டலாம்பட்டி தறி

மேடம், நீங்கள் முதலில் சொன்ன ஆபத்து எதுவும் இல்லை. குதிகால், நுனிக்கால் இரண்டிலும் நடந்து பார்த்தேன், முடிகிறது. குனிந்தால்தான் வலி. அறுந்த பாவு நூலைப் பிணைக்க தறிமேல் குனிந்து நிற்கும்போது கெண்டைக்காலில் கம்பி போட்டு இழுப்பது மாதிரி இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் இறங்கியதும் நிமிர நேரமாகிறது. நடந்தால் பரவாயில்லை. குப்புறப் படுத்தேன். முதலில் இடுப்பில் கூடியது, அப்புறம் கெண்டைக்கால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இடுப்பு வலி கூடினதால் பயந்து எழுந்துவிட்டேன்.

#5 பிசியோ அஸ்தம்பட்டி

அண்ணா, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, கெண்டைக்காலில் குறைந்து இடுப்பில் கூடியது என்று, அதுதான் நல்ல செய்தி. வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, பிறகு நடு இடுப்புக்கு என்று மேலேறிச் சுருங்கினால், அந்தத் திசையில் செய்யும் அசைவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இடுப்பில் தற்காலிகமாகக் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். எதிராக, இடுப்பில் குறைந்து காலில் இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு வலி என்பதைவிட எந்த இடத்தில் வலி என்பதைக் கவனியுங்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு தற்செயல். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம், கால்வரை வலி இறங்கிய நோயாளி ஒருவர் வந்தார். குப்புறப் படுங்கள், வருகிறேன் என்று மெக்கன்சி சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முன்பு வந்தவருக்காக உயர்த்தி வைத்தபடியே இருந்தது. அவரும் அப்படியே முதுகு பின்னால் வளைந்த நிலையில் படுத்துக் கிடந்தார். மெக்கன்சி திரும்பி வந்து பார்த்துப் பதறினால், 'இத்தனை வாரத்தில் இப்போதுதான் கால் வலி இல்லை' என்றாராம் அவர். அதுவரை முதுகைப் பின்னால் வளைப்பது ஆபத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள், கட்டில் மெத்தை வேண்டாம். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், இரண்டு மூன்று நிமிடம் சும்மா கிடங்கள். அப்புறம் முழங்கைகளை ஊன்றி, பேப்பர் படிக்கிற மாதிரி நெஞ்சைத் தூக்கி இன்னும் இரண்டு நிமிடம். அது பழகின பிறகு உள்ளங்கைகளைத் தோளுக்கு நேராக ஊன்றி, கைகளை நிமிர்த்தி மேல் உடம்பை மட்டும் தூக்குங்கள். இடுப்பும் தொடையும் பாயைவிட்டு எழக் கூடாது. பிட்டத்தை இறுக்காதீர்கள், வயிறு தொங்கட்டும். மேலே ஒரு விநாடி நின்று, மூச்சை விட்டு, இறங்குங்கள். பத்து முறை. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. தறிக்கூடத்தில் படுக்க இடமில்லை என்றால் நின்றபடி இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் வளையலாம். ஐந்தாறு முறை போதும். ஒவ்வொரு முறை முடிந்ததும் கால் வலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழே இறங்கினால் அன்றோடு நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

இன்னொன்று, காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிருங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்துக்கொண்டு உப்பும். காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகவே இருப்போம். உப்பிய டிஸ்க்கை அப்போது வளைத்தால் அழுத்தம் அதிகம். வீட்டில் பெண்களுக்கும் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து நேராக வாசல் தெளித்துக் கோலம் போடக் குனியும்போதுதான் நிறையப் பேருக்குப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் நடமாடிவிட்டுப் போடலாம், அல்லது ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து போடலாம்.

#6 செவ்வாய்பேட்டை கொலுசு

எனக்கும் இதே கதைதான். வெள்ளிப் பட்டறை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னப் பலகைமேல் கவிழ்ந்து, கண்ணி கண்ணியாகக் கொலுசு பற்றவைக்கிற வேலை. ஒரு ஜோடி முடிக்கிற மட்டும் எழ மாட்டோம். எங்கள் வரிசையில் இடுப்பு வலி இல்லாதவர் யாருமே இல்லை.

எனக்குப் பயிற்சியைவிட முதலில் உதவியது உட்காரும் முறையை மாற்றியதுதான். பலகையை உயர்த்தி வேலை கண்ணுக்கு அருகில் வருகிற மாதிரி வைத்தேன். பிட்டத்துக்கு அடியில் மட்டும் மடித்த சாக்கு, அதனால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்கிறது, முதுகு தானாக நிமிர்கிறது. ஊதுகுழாய் ஆறுகிற நேரத்தில் எழுந்து நின்று பின்னால் வளைந்துவிட்டு உட்காருவேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார். உருப்படி குறையவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். தறி அண்ணா, நீங்கள் நின்று வேலை செய்கிறவர், ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னக் கட்டைமேல் வைத்து நின்று பாருங்கள்.

#7 குகை வாத்தியார்

அம்மா, படுக்கை வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனில் கண்ணால் பார்க்கிறோம், ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது. அதை வைத்துக்கொண்டு கையை ஊன்றி எழுந்து இறங்கினால் எப்படிச் சரியாகும்? பிதுங்கியது உள்ளே போகுமா என்ன?

#8 பிசியோ அஸ்தம்பட்டி

நியாயமான கேள்வி ஐயா. இரண்டு பதில் இருக்கிறது.

முதலாவது, ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் அல்ல. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நாற்பது வயதில் பாதிப் பேருக்கு. எண்பது வயதில் 84 பேருக்கு. தலை நரைப்பதுபோல வயதோடு வருகிற மாற்றம் அது. அதனால்தான் நாங்கள் படத்தை மட்டும் பார்க்காமல், குதிகாலில் நடக்கச் சொல்கிறோம், காலைத் தூக்கிப் பார்க்கிறோம், எந்த அசைவில் வலி எங்கே போகிறது என்று கேட்கிறோம். இவை படத்தோடு பொருந்தினால்தான் படத்துக்கு மதிப்பு. தறி அண்ணாவுக்குப் பொருந்துகிறது.

இரண்டாவது, பிதுங்கியது பெரும்பாலும் சுருங்கும். பெரிதாக வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துக் கரைத்துவிடுவதும் உண்டு. சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அது காணாமல்கூடப் போயிருக்கும். பயிற்சி அதை உள்ளே தள்ளுகிறது என்று சொல்ல மாட்டேன். நரம்பு எரிச்சல் அடங்குகிற அந்த மாதங்களில் முதுகு விறைத்துப்போகாமல், தசை வற்றிப்போகாமல், குனியவே பயப்படாமல் இருக்கப் பயிற்சி வேண்டும். படுத்தே கிடந்தவரின் இடுப்பு, ஜவ்வு சரியான பிறகும் பலவீனமாகத்தான் இருக்கும். தறிக்குத் திரும்பிய வாரமே வலி திரும்புவது அதனால்தான்.

#9 அம்மாபேட்டை மருமகள்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டாவது குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. அப்போது முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்பு வலி நிற்கவில்லை என்று மாமியார், அம்மா, பக்கத்து வீட்டக்கா எல்லோரும் சொல்கிறார்கள். ஊசி போட்ட இடத்துக்கு எந்தப் பயிற்சியும் எடுபடாது என்கிறார்கள். உண்மையா அக்கா?

#10 பிசியோ அஸ்தம்பட்டி

இல்லைம்மா. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். மாதக்கணக்கில் தொடரும் இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. பத்து மாதம் வயிற்றுத் தசை விரிந்து தளர்ந்திருக்கும், இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் இளகியிருக்கும். அதன்மேல் தூக்கமில்லாமல், குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, தொட்டிலிலிருந்து குனிந்து தூக்குவது, ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பது.

ஊசியால் வந்தது என்று நம்பி எத்தனையோ பேர் ஒன்றும் செய்யாமலே வருடக்கணக்கில் இந்த வலியைச் சுமக்கிறார்கள், எனக்கு இதுதான் ஆற்றாமை. உங்கள் டாக்டரிடம் தையல் ஆறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையைச் சேர்த்து இறுக்கி ஐந்து விநாடி. அது வந்ததும் அதே நிலையில் இடுப்பைப் பாயைவிட்டுத் தூக்கி இறக்குவது. பால் கொடுக்கும்போது சுவரில் சாய்ந்து, குழந்தைக்கு அடியில் தலையணை வைத்துக் குழந்தையை மேலே கொண்டுவாருங்கள். நீங்கள் கீழே குனிய வேண்டாம்.

#11 ஏற்காடு எஸ்டேட்

நல்ல இழை. நான் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. பழம் பறிக்கிற பெண்கள் நாள் முழுக்கச் சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து நிற்பார்கள். இடுப்பில் கட்டிய பையில் பழம் நிறைய நிறைய முன்பக்கம் இழுக்கும். சாயங்காலம் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதைவிடப் பாவம். மழையில் நனைந்த மூட்டையை ஒரே ஆள் தூக்கித் திரும்புவான். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்? பயிற்சி செய்யுங்கள் என்றால் சிரிக்கிறார்கள், நாங்கள் செய்வதே பயிற்சிதானே என்று.

#12 பிசியோ அஸ்தம்பட்டி

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலையில் உடம்பு அசைகிறது, ஆனால் ஒரே திசையில், களைத்த பிறகும், சுமையோடு. அதனால் அவர்களுக்குத் தனிப் பயிற்சியைவிடக் குனியும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மூங்கில் கம்பு போதும். முதுகோடு ஒட்டிக் கம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்மண்டை, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே, பிட்டத்துக்கு மேலே வால் எலும்பு, இந்த மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். இப்போது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியச் சொல்லுங்கள். மூன்று இடமும் கம்பைவிட்டு விலகாமல் குனிந்தால் இடுப்பு மூட்டில் மடிகிறார்கள் என்று அர்த்தம். நடுமுதுகு வளைந்தால் ஒரு இடம் கம்பைவிட்டு விலகிவிடும், அவர்களுக்கே தெரிந்துவிடும். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், குறிப்பாகப் பெண்கள்.

மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது, தூக்கியபடி இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவது, நனைந்த மூட்டைக்கு இரண்டு ஆள். இதில் கடைசியானது உங்கள் கையில்தான் இருக்கிறது மேஸ்திரி. ஆள் கொடுக்காமல் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இடுப்பு தாங்காது.

#13 செவ்வாய்பேட்டை கொலுசு

பெல்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? எனக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். கரண்ட் வைத்தால் இதமாக இருக்கிறது என்பதும் உண்மைதான். அதெல்லாம் வீண் என்கிறீர்களா?

#14 பிசியோ அஸ்தம்பட்டி

இதமாக இருப்பது பொய்யில்லை. வெந்நீர் ஒத்தடமும் இதம்தான், அதை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், தனியான நோய்க் காரணம் எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனத்துக்கான சிகிச்சை, தேவைப்பட்டால் மசாஜ் போன்ற கைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெல்ட், கட்டி இழுப்பது, தோல்மேல் வைக்கும் கரண்ட், அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நோயாளியை மெஷினில் படுக்க வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவது சுலபம். அவர் கையைப் பிடித்து ஓர் அசைவைச் சரியாகக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். நீங்கள் பணம் கொடுப்பது அந்த அரை மணி நேரத்துக்காக இருக்கட்டும். மூன்று சிட்டிங் முடிந்தும் வீட்டில் செய்ய எதுவும் சொல்லித் தரவில்லை என்றால், வாய்விட்டுக் கேளுங்கள். பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் நீண்ட பஸ் பயணத்துக்குப் போட்டுக் கழற்றிவிடுங்கள்.

செலவு பிரச்சினை என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள்.

#15 கொண்டலாம்பட்டி தறி

எல்லோருக்கும் நன்றி. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சியை விடாமல் செய்துவருகிறேன். கெண்டைக்கால் வலி போய்விட்டது. தொடையில் எப்போதாவது வருகிறது. பீம் தூக்க இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். நூல் பிணைக்கும்போது ஒரு கையைத் தறியில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, மேடம் சொன்ன கம்பு முறையில் பிட்டத்தைத் தள்ளிக் குனிகிறேன். ஆனால் ஷிப்ட் முடிகிற நேரத்தில் இடுப்பு ஓய்ந்துபோகிறது. இனி என்ன செய்யலாம்?

#16 பிசியோ அஸ்தம்பட்டி

ரொம்ப சந்தோஷம் அண்ணா. இனி தாங்கும் சக்திக்கான பயிற்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று போதும், வேறு எதையும் தேடாதீர்கள்.

ஒன்று, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பு வளைவுக்கு அடியில் இரண்டு கையையும் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சமே தூக்குவது. கைமேல் அழுத்தம் மாறக் கூடாது. இரண்டு, ஒருக்களித்துப் படுத்து முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது. மூன்று, கை முழங்கால் ஊன்றித் தவழும் நிலையில் வலது கையை முன்னால், இடது காலைப் பின்னால் நீட்டுவது, அப்புறம் மாற்றி. மூன்றாவதில்தான் எல்லோரும் இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி முதுகின்மேல், இடுப்புக்கு நேரே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சிந்தாமல் காலை நீட்டினால் சரியாகச் செய்கிறீர்கள். காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம்.

ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பத்து விநாடி நின்று, இறங்கி, மூச்சு விட்டு, மறுபடி. முதல் சுற்றில் ஆறு முறை, அடுத்து நாலு, அடுத்து இரண்டு. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை குறைய வேண்டும். களைத்த தசையோடு தம் கட்டிச் செய்யும்போதுதான் முறை கெடும். எழுந்த உடனே செய்யாதீர்கள்.

கூடவே நடை. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. இடுப்பு வலியிலிருந்து அப்போதுதான் தேறிய 701 பேரில் ஒரு பாதிக்கு, வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்ற அளவை நோக்கிப் படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப 208 நாள், நடக்காதவர்களுக்கு 112 நாள். தறிக்கூடத்துக்குள் நடக்கிறேனே என்று சொல்லாதீர்கள். அது நாலு எட்டு வைத்து நிற்கிற நடை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கிக் கை வீசி நடங்கள்.

#17 குகை வாத்தியார்

நான் காந்தி ஸ்டேடியத்தில் தினமும் நடப்பவன். நடையைப் பற்றிச் சொன்னது மனசுக்கு நிறைவாக இருந்தது. டம்ளர் முறையைப் பேரனோடு செய்து பார்த்தேன். முதல் தடவை தண்ணீர் கொட்டிவிட்டது, அவனுக்கும்தான்.

#18 ஐந்து ரோடு பையன்

எனக்கு 24 வயசு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு இரும்பு மாதிரி விறைத்திருக்கும். நடந்தால் சரியாகிவிடும், படுத்தால் மறுபடி. விடியற்காலை வலியில் எழுந்துவிடுகிறேன். இதே பயிற்சிகளைச் செய்யலாமா?

#19 பிசியோ அஸ்தம்பட்டி

தம்பி, முதலில் ஒரு மூட்டு வாத நிபுணரைப் பாருங்கள். இளம் வயது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பு, ஓய்வில் கூடி அசைவில் குறைவது, இவை சேர்ந்தால் முதுகெலும்பை இறுக்கும் வாதமா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல மருந்து இருக்கிறது. பயிற்சி அதற்கும் உண்டு, ஆனால் மருந்தோடு சேர்த்து. கண் சிவந்து வலித்தது உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

#20 ஏற்காடு எஸ்டேட்

மேடம், கம்பு முறையைப் பறிப்புப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டைக்கு இரண்டு ஆள் போட முதலாளியிடம் பேசிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம், அப்பாவுக்காக. 70 தாண்டிவிட்டது. குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சியைப் பார்த்து அவரும் செய்தார். இரண்டு காலும் மரத்துப் போகிறது என்று நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரு விசித்திரம். இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம் இறக்கம்தான். ஒண்டிக்கடை பக்கம் மேட்டில் ஏறும்போது பரவாயில்லை என்பார். இறங்கும்போது கால் கனத்து, மரத்து, பாதி வழியில் திண்ணை தேடி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் உடனே சரியாகிவிடுகிறது. வயதானவருக்கு இறங்குவதுதானே சுலபமாக இருக்க வேண்டும்?

#21 பிசியோ அஸ்தம்பட்டி

அப்பாவுக்கு அந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். தறி அண்ணாவுக்கு மருந்தானது அவருக்கு ஆகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்டுவடம் போகும் பாதை குறுகியிருக்கலாம், அந்த வயதில் சகஜம். முதுகு பின்னால் வளையும்போது பாதை இன்னும் குறுகும், முன்னால் குனியும்போது விரியும். மேடு ஏறும்போது நாம் இயல்பாகவே முன்னால் சாய்கிறோம், அதனால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. இறக்கத்தில் விழாமல் இருக்க முதுகைப் பின்னால் தள்ளி இறங்குகிறோம், நரம்பு நசுங்குகிறது. உட்கார்ந்ததும் சரியாவதும் அதனால்தான்.

அவருக்கு எதிர்த்திசைப் பயிற்சி. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, பிறகு இரண்டையும். நாற்காலியில் உட்கார்ந்து மெல்ல முன்னால் குனிந்து கணுக்காலைத் தொடுவது. இதற்கு முன் அவருக்கு எலும்பு மெலிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் குனிகிற பயிற்சி முதுகெலும்பை உடைத்துவிடலாம். நடக்கும்போது கைத்தடி ஊன்றிக் கொஞ்சம் முன்சாய்ந்து நடக்கட்டும். இறக்கத்துக்கு பஸ்ஸோ வண்டியோ இருக்கட்டும். நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிப்பது இப்படிப்பட்டவர்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கால் கனக்கும். ஆனால் அவர்களுக்கு ஏற்றத்தில்தான் அதிகம் வலிக்கும், உட்கார வேண்டாம், நின்றாலே குறையும். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? பீடி, சுருட்டுப் பழக்கம்? பாதம் சில்லென்று இருக்கிறதா? டாக்டரிடம் போகும்போது பாதத்து நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

#22 ஏற்காடு எஸ்டேட்

சர்க்கரை இருக்குங்க மேடம், சுருட்டும் உண்டு. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் சூடாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கீழே சேலத்துக்குக் கூட்டிவருகிறேன். எலும்பு மெலிவு, பாதத்து நாடி இரண்டையும் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதுவரை முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பதை மட்டும் செய்யச் சொல்லலாமா?

#23 பிசியோ அஸ்தம்பட்டி

ஒரு முழங்கால் மட்டும், மெதுவாக, வலிக்காத அளவுக்குச் செய்யட்டும். இரண்டையும் சேர்த்து இழுப்பதும் குனிவதும் எலும்பைப் பார்த்த பிறகு. மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு வருகிறது, பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே உட்கார வைக்காதீர்கள். முன்பக்கம் இடம் பிடித்துக் கொடுங்கள். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள்.